படை போன பிறகு காபூல்

கேள்வி: சோவியத் படை வெளியேறிய பிறகும் ஆப்கன் அரசு மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தது. 2021-ல் அமெரிக்கர்கள் விமானம் ஏறி முடிப்பதற்குள்ளேயே கவிழ்ந்துவிட்டதே, ஏன்?

பதில்: சோவியத்தின் கடைசிப் படை 1989 பிப்ரவரி 15-ல் எல்லையிலுள்ள அமு தர்யா ஆற்றைத் தாண்டியது. ஆனால் மாஸ்கோவிலிருந்து எரிபொருளும் ஆயுதமும் பணமும் வந்துகொண்டே இருந்தன. அதனால்தான் அடுத்த மாதமே கிழக்கு நகரான ஜலாலாபாத்தை முற்றுகையிட்ட முஜாஹிதீன்களால் (அரசை எதிர்த்த போராளிகள்) அதைப் பிடிக்க முடியவில்லை. 1992 தொடக்கத்தில் அந்த உதவி நின்றது. வடக்கில் அரசுக்காகப் போரிட்ட படைத்தலைவர் தோஸ்தம் எதிர்ப்பக்கம் போனார். ஏப்ரலில் அதிபர் நஜிபுல்லா ஆட்சி முடிந்தது.

2021-ல் முதலில் போனது பணமல்ல, பழுதுபார்க்கும் கை. ஆப்கன் விமானிகளுக்குப் பழக்கமான ரஷ்ய எம்.ஐ-17 ஹெலிகாப்டரை ஓரங்கட்டி அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டரைக் கொடுத்தார்கள். (வீண் வேலை!) அதைப் பராமரித்தவர்கள் வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்கள். அவர்கள் கிளம்பியதும் தூரத்துச் சாவடிகளுக்குத் தோட்டாவும் ரொட்டியும் போய்ச் சேரவில்லை. காவல் நின்றவன் சரணடைந்தான். ஜூலையிலேயே இஸ்லாம் காலா, ஸ்பின் போல்தாக் எல்லைச் சாவடிகள் தாலிபான் வசமாயின, சுங்க வருமானத்தோடு. ஆகஸ்ட் 15-ல் காபூல்.

அதன் பிறகு? அரசுச் செலவில் முக்கால் பங்கை வெளிநாட்டு உதவியே சுமந்த நாடு அது. அமெரிக்காவிலிருந்த மத்திய வங்கி இருப்பு, சுமார் 700 கோடி டாலர், முடக்கப்பட்டது. வங்கியில் வாரத்துக்கு 20,000 ஆப்கானிக்கு மேல் எடுக்க முடியாமல் போனது. சுங்க வசூலை வைத்துச் சம்பளம் போடலாம். பழைய உதவியின் இடத்தை அது நிரப்பாது.