கார்த்திகையை எண்ணிப் பாருங்கள்: வெறுங்கண்ணால் யுரேனஸ்

யுரேனஸ் கிரகத்தை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். அதைப் பற்றிப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இருந்து வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

செந்தூல்: அண்ணே, கண்ணுக்குத் தெரியுற கிரகம் அஞ்சுதான்னு படிச்சோம். யுரேனஸும் தெரியும்னு சொல்றீங்களே, உண்மையா?

உண்மைதான் தம்பி. அதன் ஒளியளவு சுமார் 5.6. இந்தக் கணக்கில் எண் கூடக்கூட வெளிச்சம் குறையும். நல்ல இருட்டில் நல்ல கண்ணுக்கு 6 வரை எட்டும். செந்தூல் மாடியிலிருந்து மட்டும் தேட வேண்டாம். நகர வெளிச்சத்தில் 4 தெரிந்தாலே பெரிது.

இடம் தேறுமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எண்ணுங்கள். நம் கதையில் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். வெளிச்ச வரிசையில் ஆறாவது நட்சத்திரத்தின் ஒளியளவு 4.3. யுரேனஸ் அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் மங்கல். ஆகவே ஆறு எண்ணினால் போதாது, எட்டாவது தெரிய வேண்டும். அதன் அளவு ஏறக்குறைய 5.4. எட்டு எண்ண முடிந்த இடத்தில் நம்பிக்கையோடு தேடலாம்.

பிறை: ஐயா, பினாங்குல எங்க, எப்போ பார்க்கணும்?

பாலிக் பூலாவ் பக்கம் போங்கள் அம்மா. ஜார்ஜ்டவுன் வெளிச்சத்தை நடுவில் உள்ள மலை ஓரளவு மறைக்கும். ஆனால் கிழக்கில் எழும்போதே பார்க்காதீர்கள். அடிவானத்தில் காற்றின் அடர்த்தியே பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். யுரேனஸ் இப்போது ரிஷபத்தில், கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. நம் ஊரில் அது கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே ஏறும். நவம்பர் கடைசியில் நள்ளிரவு ஒரு மணிவாக்கில் உச்சிக்கு வரும், டிசம்பர் கடைசியில் பதினொரு மணிக்கே. லண்டன்காரர்களுக்கு இந்த உயரம் கிடைக்காது. மழை பெய்து ஓய்ந்து, புகைமூட்டம் கழுவிப்போன இரவாகப் பாருங்கள்.

கிள்ளான்: நேராப் பார்த்தா மறைஞ்சு போகுதே?

அப்படித்தான் மறையும். கண்ணின் நடுப்பகுதி பகல் வெளிச்சத்துக்கானது. மங்கலை உணரும் செல்கள் அதைச் சுற்றித்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் பார்வையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் அந்த இடத்தைக் கவனியுங்கள். அதற்கு முன் முப்பது நிமிடம் இருட்டில் உட்கார வேண்டும். ஒருமுறை கைப்பேசியைத் திறந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். வரைபடம் பார்க்க வேண்டுமானால் மங்கலான சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ சாலை: பார்த்தது யுரேனஸ்தான்னு எப்படித் தெரியும்? நட்சத்திரம் மின்னும், கிரகம் மின்னாதுன்னு சொல்வாங்களே.

இவ்வளவு மங்கலில் அந்த விதி உதவாது. நிறமும் தெரியாது. நகர்வு ஒன்றுதான் சாட்சி.

யுரேனஸ் மேஷத்தில் இருந்த காலத்தில் கோலசிலாங்கூருக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்ட ஓரத்தில் தேடினேன். ஒரு புள்ளியைப் பிடித்து, அதுதான் என்று சந்தோஷமாக வீடு திரும்பினேன். நல்லவேளை, சுற்றியிருந்த புள்ளிகளை எல்லாம் நோட்டில் வரைந்திருந்தேன். பன்னிரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் என் புள்ளி அதே இடத்தில் நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் நான் பொருட்படுத்தாமல் வரைந்த இன்னொன்று நிலவின் அகலம் அளவுக்கு மேற்கே போயிருந்தது. இருட்டில் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். உண்மையில் யுரேனஸைக் கண்டது அன்றுதான். ஆகவே முதலில் பத்துக்கு ஐம்பது (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் வில்லை கொண்ட) இருகண்நோக்கியால் பார்த்து வரையுங்கள், பிறகு வெறுங்கண்ணால் தேடுங்கள்.

செபராங் ஜெயா: நவக்கிரகத்துல இது இல்லையே. நம்ம முன்னோர் பார்க்கலையா?

கண்ணில் பட்டிருக்கும், கிரகம் என்று பிரித்தறிய முடியாமல் போயிருக்கும். சூரியனை ஒருமுறை சுற்ற 84 ஆண்டு ஆகிறது. ஓர் ஆண்டில் நகர்வது நான்கு பாகைதான். இங்கிலாந்தின் வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட் 1690 டிசம்பரில் அதைப் பார்த்துவிட்டு, ரிஷபத்தின் 34ஆவது நட்சத்திரம் என்று பட்டியலில் சேர்த்துவிட்டார். தொலைநோக்கி வைத்திருந்தவரே தவறவிட்டார். 1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷல் கண்டபோதுகூட முதலில் வால்நட்சத்திரம் என்றே நினைத்தார். 1690இலிருந்து நான்கு சுற்று முடித்து, 2026 கடைசியில் அது ஃபிளாம்ஸ்டீட் பார்த்த அதே பகுதிக்கு ஏறக்குறைய திரும்பி வருகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாயான் லெப்பாஸ்: நெப்டியூன்?

வெறுங்கண்ணுக்கு எட்டாது. ஒளியளவு சுமார் 7.8. இருகண்நோக்கி வேண்டும்.

ரவாங்: எனக்கு 63 வயசு. இனிமே முடியுமா?

முயற்சி செய்யுங்கள் அண்ணே. இளைஞருக்கு இருட்டில் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும், நம் வயதில் 5 விரிந்தாலே நல்லது. அதனால் இன்னும் இருட்டான இடம் தேவைப்படும். கண்புரை இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு பார்க்க வேண்டும்.

பத்துமலை: தைப்பூசத்துக்கு எப்படியும் ராத்திரி முழுக்க விழிச்சிருப்போம். அன்னைக்கே பார்க்கலாமா?

தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும், நிலவு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. காவடியைப் பாருங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் அது பொருத்தமான காலம். பட்டாசுப் புகை அடங்க இரண்டு நாள் விட்டு, ஊருக்கு வெளியே கிளம்புங்கள்.