மஞ்சள் தூள் முதல் கருவாடு வரை: உலோகச் சோதனைக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மேடம், ஒரே மஞ்சள் தூள் பொட்டலத்தில் மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். ஈயம் மூன்று விதமாக வருகிறது. கருவி பழுதா?

பதில்: முதலில் தூளைச் சந்தேகியுங்கள். நிறத்துக்காகச் சேர்க்கும் லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் நிறமி எல்லா இடத்திலும் சீராகக் கலந்திருக்காது. நீங்கள் எடுக்கும் அரை கிராமில் நாலு துகள் கூடுதலாக விழுந்தாலே முடிவு மாறிவிடும். பொட்டலம் முழுவதையும் கொட்டி, நைசாக்கி, நன்றாகக் கலந்த பிறகு எடை போடுங்கள். கையோடு குரோமியத்தையும் பாருங்கள். லெட் குரோமேட்டில் ஈயமும் குரோமியமும் எடையில் ஏறத்தாழ 4:1. உங்களுக்கும் அதே விகிதம் வந்தால், மண்ணிலிருந்து ஏறிய ஈயம் என்று சமாதானம் சொல்ல முடியாது.

கேள்வி: விரலி மஞ்சளை ஸ்டீல் மிக்ஸியில் அரைக்கலாமா?

பதில்: வேண்டாம். காய்ந்த மஞ்சள் பிளேடைத் தேய்க்கும். குரோமியமும் நிக்கலும் தூளில் இறங்கும். மேலே சொன்ன 4:1 கணக்கே குழம்பிவிடும். அகேட் (கடினமான கல்) அல்லது சிர்கோனியா (கடினமான பீங்கான்) உரல் நல்லது.

கேள்வி: மாதிரியைக் கரைக்க நைட்ரிக் அமிலம் ஊற்றியதும் குடுவையை மூடி மைக்ரோவேவில் ஏற்றலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். பழுப்புப் புகை அடங்கும்வரை ஃபியூம் ஹூடில் (புகையை வெளியே இழுக்கும் பெட்டியில்) திறந்தே இருக்கட்டும். பிறகு மூடுங்கள்.

கேள்வி: பிளாங்கில் (உணவு சேர்க்காத வெற்றுக் கரைசலில்) 0.5 பிபிபி (நூறு கோடிக்கு 0.5 பங்கு) ஈயம் வருகிறது. கழித்துவிட்டால் போதாதா?

பதில்: எந்த உணவைச் சோதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரை கிராமை 50 மில்லியாக்கினால் 100 மடங்கு நீர்க்கிறது. அந்த 0.5 பிபிபி, உணவில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். மஞ்சளுக்கு இந்திய வரம்பு 10 மில்லிகிராம், அங்கே இது தூசு. ஆனால் கலக்கித் தயாரான குழந்தைப் பாலுக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரம்பு 0.01 மட்டுமே, உங்கள் பிளாங்கே அதைப்போல் 5 மடங்கு! ஒவ்வொரு குடுவையிலும் வேறு வேறு அளவு வந்தால் கழிப்பதற்கும் அர்த்தமில்லை. குடுவைகளை 10% நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவையுங்கள், அமிலத்தின் தரத்தை உயர்த்துங்கள், பவுடர் போட்ட கையுறையைத் தொடவே தொடாதீர்கள். குழந்தை குடிக்கும் பொருளுக்கு முடிவு எழுதுகிறோம், இதில் சலிப்பு கூடாது.

கேள்வி: கருவாட்டில் ஆர்செனிக் எக்கச்சக்கமாக வருகிறது. விற்பனையை நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். உப்பிலுள்ள குளோரின், அணுக்களை நிறையை வைத்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியின் ஆர்கான் வாயுவோடு சேர்ந்து, ஆர்செனிக்கின் 75 என்ற நிறையிலேயே வந்து நிற்கும். இந்தக் குறுக்கீட்டை நீக்கும் ஹீலியம் மோடில் மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் அதிகமென்றால், மீனில் இருப்பது பெரும்பாலும் நச்சுத்தன்மை மிகக் குறைந்த ஆர்செனோபீட்டைன் என்ற ஆர்செனிக் சேர்மம். நச்சான கனிம ஆர்செனிக்கைத் தனியாகப் பிரித்து அளந்த பிறகே அறிக்கையில் கையெழுத்துப் போடுங்கள்.