மறு: கடைசி வரி இரண்டு தடவை வருது, ‘திருவாரூர்’ குப்பையா வருது

தம்பி, நெல் கொள்முதல் நிலைய மூட்டைக் கணக்கைக் கோப்பிலிருந்து சி மொழி நிரலில் படிச்சா கடைசியா இருக்கிற மன்னார்குடி வரி இரட்டிக்குது, ஊர்ப் பெயர் சிதையுது, வாங்கின நினைவிடத்தைத் திருப்பித் தர்ற ஃப்ரீ (free) வரும்போது நிரல் விழுதுன்னு கேட்டிருந்தீங்க.

இரட்டிப்பு சின்ன விஷயம். கோப்பு முடிஞ்சுதான்னு சொல்ற ஃபெஆஃப் (feof), முடியப் போகுதுன்னு முன்கூட்டிச் சொல்லாது. படிக்கப் போய் ஒண்ணும் கிடைக்காத பிறகுதான் சொல்லும். வைல் (while) சுற்றின் நிபந்தனையில் அதை எடுத்துட்டு, வரி படிக்கிற எஃப்கெட்ஸ் (fgets) நல் (NULL, ‘ஒண்ணுமில்லை’) திருப்புதான்னு பாருங்க.

சிக்கல், நினைவிடம் கேட்டு வாங்குற மாலாக்கில்தான் (malloc). திருவாரூருக்கு 5 எழுத்து, சொல் முடிவைக் காட்டும் சுழி (பூஜ்யம்) 1, ஆக 6 பைட் கேட்டிருக்கீங்க. யூடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில் இருக்கிற கோப்பில் துணையெழுத்தும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். அப்படிப் பார்த்தா 10 குறி, ஒவ்வொன்றுக்கும் 3 பைட், சுழியோட 31. வாங்கினது 6, எழுதினது 31. பக்கத்து வயலில் நாற்று நட்ட மாதிரிதான்; அன்னைக்கே யாரும் கேட்க மாட்டாங்க, அறுப்பு நேரத்தில் வருவாங்க. ஃப்ரீயில் விழுறதும் அதனால்தான், ஃப்ரீ மேல் குற்றமில்லை.

கையால் எண்ணாதீங்க. எஃப்கெட்ஸ் கொண்டுவரும் வரிமுடிவுக் குறியை வெட்டிட்டு, ஊர்ப் பெயரைத் தனியாப் பிரிச்சு, சொல்லின் நீளம் சொல்ற ஸ்டிரெலென் (strlen) தரும் எண்ணோட 1 கூட்டி மாலாக் கேளுங்க. ஸ்டிரெலென் எண்ணுறது பைட்டைத்தான்.

இன்னொண்ணு, நீங்க கேட்கலை: வாங்கின இடத்தின் அளவை மாத்துற ரீஅலாக் (realloc) விடையை நேரா பழைய சுட்டியிலேயே (முகவரி வச்சிருக்கிற மாறி) போட்டிருக்கீங்க. இடம் கிடைக்கலைன்னா நல் வரும், பழைய முகவரியும் போயிடும். வேறொரு சுட்டியில் வாங்கிச் சோதிச்சுட்டு மாத்துங்க.

பழைய தொகுப்பியான டர்போ சி-யை விட்டுடுங்க. லினக்ஸில் ஜிசிசி (gcc) தொகுப்பிக்கு -ஜி (-g) கொடுத்துத் தொகுத்து, நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்டில் (Valgrind) ஓட்டினா, எந்த வரியில் எல்லை தாண்டுதுன்னு காட்டிடும். அந்த வெளியீட்டை இங்கே போடுங்க.