வீட்டு சுவிட்சுக்கும் மாதச் சந்தாவா?

கேள்வி: களியக்காவிளைக்குப் பக்கத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கணவர் சார்ஜாவில் வேலை பார்க்கிறார். இங்கே நானும் மாமியாரும் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனும்தான். சுவரில் குழாய் பதித்தாகிவிட்டது. வயர் இன்னும் இழுக்கவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு ஷோரூமில் 18 சுவிட்சுகள், 4 கேமராக்கள், வாசல் பூட்டு, கேட் மோட்டார் எல்லாவற்றையும் போனில் இயக்கும்படி 1,15,000 ரூபாய்க்குச் செய்து தருகிறார்களாம். அதற்கு மேல் மாதம் 899 ரூபாய் சந்தா. பாலிடெக்னிக் படித்த கொழுந்தனோ, “எதற்கு மதினி சந்தா? சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், பாதிச் செலவில் நானே செய்கிறேன்” என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஒரே ரசீதில் வந்தாலும் நீங்கள் வாங்கப்போவது நான்கு தனித்தனிச் சாமான்கள். சுவிட்சுக்குச் சரியான பதில் கேமராவுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே இரண்டு பேர் பேச்சையும் பாதிப் பாதி கேட்கலாம்.

முதலில் அந்த 899 ரூபாய் எதற்கு என்று காகிதத்தில் எழுதி வாங்குங்கள். கேமராப் படங்களை வெளியூர் சர்வரில் சேமிக்கவா? சார்ஜாவிலிருந்து ஆப்பைத் திறக்கவா? பழுதானால் ஆள் அனுப்பவா? நள்ளிரவில் கேட் திறந்தால் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல ஒரு மனிதர் விழித்திருக்கிறாரா? விற்பனைக்காரர் “எல்லாம்தான் மேடம்” என்பார். எழுதித் தரச் சொன்னால் அந்த ‘எல்லாம்’ சுருங்கிவிடும். ஆண்டுக்கு 10,788 ரூபாய், ஐந்து ஆண்டுக்கு 53,940 ரூபாய். இந்தப் பணத்துக்கு ஆள் வருவார் என்றால் யோசிக்கலாம். சொந்த வீட்டு விளக்கைப் போனில் போட்டு அணைக்கும் அனுமதிக்குத்தான் என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஷோரூமிலேயே ஒரு சோதனை செய்யலாம். ரவுட்டரில் செருகியிருக்கும் இணைய வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் சுவரில் இருக்கும் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். அதே வைஃபையில் இருக்கும் போனில் ஆப் வேலை செய்ய வேண்டும். ‘மாலை ஆறரைக்கு வாசல் விளக்கு’ என்று வைத்த நேரக்கட்டளையும் நடக்க வேண்டும். மூன்றும் நடந்தால் மூளை உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. ஆப்பும் நேரக்கட்டளையும் நின்றுபோனால் மூளை கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. அவர்கள் கடையை மூடும் நாளில் உங்கள் 1,15,000 ரூபாயில் பெரும்பகுதி போய்விடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களைப் போனில் இயக்க உதவிய ரிவால்வ் என்ற 300 டாலர் கருவியை, அந்தக் கம்பெனியை வாங்கிய நெஸ்ட் என்ற கம்பெனி 2016 மே 15-ஆம் தேதியோடு செயலிழக்கச் செய்தது. இதே மாதிரிக் கருவியை மாதக் கட்டணமே கிடையாது என்று சொல்லி விற்ற விங்க் கம்பெனி, மாதம் 5 டாலர் கட்டாவிட்டால் கருவி இயங்காது என்று 2020 மே மாதம் ஒரு வார அவகாசத்தில் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தேதியைத் தள்ளிப்போட்டதே தவிர முடிவை மாற்றவில்லை. 2022 ஏப்ரலில் ஸ்மார்ட் சுவிட்ச் விற்ற இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுபோயின. பெரிய பணம் பின்னால் இருந்த கம்பெனிகளுக்கே இந்தக் கதி என்றால், திருவனந்தபுரம் ஷோரூம் எந்தக் கம்பெனியின் சர்வரை நம்பி உங்களுக்கு விற்கிறது என்று கேட்பதில் தப்பில்லை.

இனி கொழுந்தன். அவன் சொல்லும் ‘சின்னக் கம்ப்யூட்டர்’ பெரும்பாலும் ராஸ்ப்பெர்ரி பை; அதில் போடப்போவது ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளாக இருக்கும். 2013-இல் தொடங்கியது, இலவசம், வீட்டுக்குள்ளேயே இயங்கும், பல கம்பெனிகளின் சாமான்களை ஒன்றாகக் கட்டி மேய்க்கும். நல்ல மென்பொருள்தான். ஆனால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்; சில சமயம் புதுப்பித்த மறுநாள் ஏதாவது ஒன்று வேலை செய்யாது. அப்போது கொழுந்தன் ஊரில் இருக்க வேண்டும். அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தால்? உங்கள் மாமியார் ராத்திரி பத்து மணிக்குக் குளியலறை விளக்குக்காக வீடியோ அழைப்பில் உட்கார முடியாது. அவனிடம் வேலையைக் கொடுங்கள், இரண்டு நிபந்தனைகளோடு. கம்ப்யூட்டர் செத்துப்போனாலும் எல்லா விளக்கும் விசிறியும் சுவர் சுவிட்சில் இயங்க வேண்டும். எல்லாக் கடவுச்சொற்களையும், எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்ற படத்தையும் ஒரு நோட்டில் எழுதி உங்கள் அலமாரியில் வைக்க வேண்டும்.

வயர் இழுக்கவில்லை என்றீர்களே, உங்களுக்கு அதுதான் பெரிய லாபம். ஸ்மார்ட் சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர், வேண்டும். நம் பக்கத்து எலெக்ட்ரீசியன்கள் பிளக் இருக்கும் பெட்டிக்கு மட்டும் நியூட்ரல் கொண்டுவந்து, வெறும் சுவிட்ச் இருக்கும் பெட்டிக்கு விட்டுவிடுவார்கள். எல்லாப் பெட்டிக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள். பெட்டிகள் ஆழமாக இருக்கட்டும். சாதாரண சுவிட்சுக்குப் பின்னால் சிறிய ரிலேயை (போனின் கட்டளைக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கருவி) செருக அப்போதுதான் இடம் கிடைக்கும். கேமரா வரும் நான்கு இடத்துக்கும் கேட்டுக்கும் நெட்வொர்க் கேபிளுக்குத் தனிக் குழாய் போடுங்கள். இன்று சில ஆயிரத்தில் முடிகிற வேலை, நாளை சுவரை உடைத்தால்தான் முடியும். இதைச் செய்துவிட்டால் ஷோரூமா, கொழுந்தனா என்ற முடிவை ஆறு மாதம் தள்ளிப்போடக்கூடச் செய்யலாம்.

கேமராவுக்குக் கணக்கு எளிது. முழு எச்.டி. கேமரா ஒன்று விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓயாமல் பதிவு செய்தால் நாளைக்கு 21.6 ஜிபி. நான்குக்கு 86 ஜிபிக்குச் சற்று மேல். வீட்டில் வைக்கும் பதிவுப்பெட்டியில் 2 டிபி வட்டு போட்டால் மூன்று வாரத்துக்கு மேல் படம் இருக்கும், சந்தா இல்லாமல். அதில் ஒரே ஓட்டை: திருடன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகலாம். அதற்காகக் கேட்டைப் பார்க்கும் ஒரு கேமராவுக்கு மட்டும் வெளிச் சேமிப்புச் சந்தா கட்டுங்கள், நான்குக்கும் வேண்டாம். நான்கும் வெளியே பார்த்தபடி இருக்கட்டும். கணவருக்குப் பார்க்க ஆசை இருக்கும், தப்பில்லை. ஆனால் கூடத்தில் கேமரா என்றால் மாமியார் தன் வீட்டிலேயே நாள் முழுக்கத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு உட்கார வேண்டும். அந்தப் படங்களை வேறு யார் பார்க்கிறார்கள் என்பதும் உண்டு. ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் அந்தரங்க வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்ற குற்றச்சாட்டில் அமேசானின் ரிங் கம்பெனி, 2023-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனுடன் 58 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

பூட்டுக்கு ஒரே விதி: பேட்டரி தீர்ந்தாலும் சாதாரணச் சாவியால் வெளியிலிருந்து திறக்க வேண்டும். அப்படி இல்லாத பூட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மின்னலை மறந்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரை, வைகாசியிலும் பிற்பகல் இடி உங்கள் பக்கத்தில் எப்படி இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெயின் பெட்டியில் மின்பாய்ச்சல் தடுப்பான் (சர்ஜ் புரொடெக்டர்) வையுங்கள். எர்த் குழி சரியாக இல்லாவிட்டால் அதனால் பயனில்லை, ஆகவே எர்த்தை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். கேட் கேமராவின் நீளமான கேபிள் வழியாகவும் மின்னல் வீட்டுக்குள் வரும். மின்னல் சேதத்துக்கு உத்தரவாதம் உண்டா என்று ஷோரூமில் கேளுங்கள். பதில் அநேகமாக ‘இல்லை’தான்.

கடைசியாக, எல்லையில் இருப்பவர்கள் மட்டும் கேட்க வேண்டிய ஒன்று: சர்வீஸ் ஆள் தமிழ்நாட்டுக்குள் வருவாரா? கேரளப் பக்கத்துப் பாறசாலை வரைக்கும் இலவசம், அதற்கு இப்புறம் வருகைக் கட்டணம் என்று பிறகு சொல்வார்கள். உங்கள் ஊர்ப் பெயரையும் பின்கோடையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஷோரூமிடம் கேமரா, கேட் மோட்டார், பூட்டு, கொழுந்தனிடம் சுவிட்சுகள், சந்தா ஒரே ஒரு கேமராவுக்கு. என் முடிவு இது.

கேள்வி: செங்கோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியர், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இடமாற்றம். ஸ்மார்ட் சாமான் எதுவும் வாங்கலாமா?

பதில்: கழற்றி எடுத்துப் போகக்கூடியதை மட்டும். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக், கதவில் ஒட்டும் சென்சார். வீட்டுக்காரரின் சுவிட்ச் பெட்டியைத் திறக்காதீர்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் கழித்துக்கொள்வார். கீசருக்கு 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் போடாதீர்கள்: 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும், அது 10 ஆம்பியர் எல்லைக்கு மிக அருகில், நெடுநேரம் ஓடினால் சிறிய பிளக் சூடேறி உருகலாம். 16 ஆம்பியர் பிளக் வாங்குங்கள். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் அட்டைப்பெட்டியில் ‘மேட்டர்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2022-இல் வந்த பொதுத்தரம் அது. கம்பெனி மாறினாலும் சாமான்கள் ஒன்றோடொன்று பேசும். சந்தா உங்களுக்கு எதற்கும் தேவையில்லை.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தென்னந்தோப்பு வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 5 எச்.பி. மும்முனை மோட்டார். “வைஃபை சுவிட்ச் போட்டால் போதும், போனிலேயே ஓட்டலாம்” என்கிறார் கடைக்காரர். பக்கத்துத் தோப்புக்காரர் சிம் போட்ட ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார். எது நல்லது?

பதில்: கடைக்காரர் தோப்புக்கு வந்ததில்லை போலிருக்கிறது. தோப்பில் வைஃபைக்கு எங்கே போவது? இருந்தாலும், வீட்டு விளக்குக்குச் செய்த ஒருமுனை ரிலேயை 5 எச்.பி. மும்முனை மோட்டாருக்கு மாட்டவே கூடாது. ஓடும்போது 3.7 கிலோவாட்தான் என்றாலும், கிளம்பும் நொடியில் அதன் பல மடங்கு மின்னோட்டம் பாயும். ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டுவிட்டால் நீங்கள் போனில் நிறுத்தினாலும் மோட்டார் நிற்காது. கிணறு வற்றிய பிறகும் ஓடி, மோட்டாரின் கம்பிச்சுருள் எரியும். வீட்டு மேல்தொட்டியின் 1 எச்.பி. மோட்டாருக்குக்கூட ஸ்மார்ட் சுவிட்சை நேராகப் போடாமல், அது ஒரு கான்டாக்டரை (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்) இயக்க, கான்டாக்டர் மோட்டாரை இயக்கும்படி வையுங்கள்.

பக்கத்துத் தோப்புக்காரர் வழிதான் சரி. சிம் ஸ்டார்ட்டர் வாங்கும்போது தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்துகிறதா, ஒரு முனை போனால் நிறுத்துகிறதா, மின்சாரம் திரும்பி வந்ததும் சற்றுப் பொறுத்துக் கிளம்புகிறதா என்று பாருங்கள். பதிவு செய்த எண்களுக்கு மட்டும் கட்டுப்பட வேண்டும். இல்லாவிட்டால் தவறான எண்ணில் யாரோ கூப்பிட்டால்கூட மோட்டார் ஓடும். பழைய மாதிரிகள் 2ஜி சிம்மில் இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால் அந்த சிம் இவற்றில் வேலை செய்யாது. வேறு சிம்மோ 4ஜி மாதிரியோ வாங்குங்கள். மிஸ்டு கால், குறுஞ்செய்தியில் இயங்குவதற்குக் கம்பெனிச் சந்தா எதுவும் இல்லை, சிம்மின் ரீசார்ஜ் மட்டும். ஆப்பில் இயங்குவதாக இருந்தால் இரண்டாம் ஆண்டு சர்வர் கட்டணம் எவ்வளவு என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பெட்டியில் பச்சை, சிவப்புப் பொத்தான்களை மட்டும் யார் சொன்னாலும் எடுக்க விடாதீர்கள்.

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூரில் இருக்கிறேன். குமுளியில் ஒரு கடையில் கேமரா வாங்கினேன். அட்டைப்பெட்டியில் ‘ஆப் இலவசம்’ என்று இருக்கிறது. ஆப்பில் ‘ஒரு மாதம் இலவசம்’ என்று கார்டு எண் கேட்டது, கொடுத்தேன். இப்போது மாதம் 299 ரூபாய் பிடிக்கிறார்கள். ரத்து செய்யும் இடமே ஆப்பில் இல்லை. கம்பெனி கொச்சியில் இருக்கிறது. கேரளத்துக்குப் போய் வழக்குப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் பணம் போவதை நிறுத்துங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2021 அக்டோபர் 1 முதல், இந்திய வங்கிக் கார்டிலிருந்து இப்படித் தானாகப் பிடிக்கும் ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் வங்கி வழியாகவே திரும்பப் பெறலாம். கம்பெனியின் தயவு தேவையில்லை. வங்கியின் ஆப்பில் தானியங்கிப் பற்று அனுமதிகளின் பட்டியலைத் திறந்து ரத்து செய்யுங்கள். களியக்காவிளை வாசகிக்கும் இதில் ஒரு சேதி: கணவரின் அமீரக வங்கிக் கார்டைக் கொடுத்தால் இந்த விதி காப்பாற்றாது.

இலவசச் சந்தாவுக்குக் கார்டு விவரம் கேட்டுக் கட்டாயப்படுத்துவதும், ரத்து செய்யும் வழியை மறைப்பதும் ‘சந்தாப் பொறி’. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்த 13 தந்திரங்களில் அதுவும் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பழைய 1986 சட்டத்தில் எதிராளி இருக்கும் இடத்தையோ விற்பனை நடந்த இடத்தையோ தேடிப் போக வேண்டியிருந்தது; உங்களைப் போன்றவர்கள் குமுளியில் வாங்கிய சாமானுக்காக இடுக்கி மாவட்டத்துக்கு அலைந்தார்கள். 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, காலக்கெடு இரண்டு ஆண்டு. ரசீது, வங்கிக் குறுஞ்செய்திகள், ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கேமரா வந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ‘ஆப் இலவசம்’ என்று அச்சிட்டிருப்பது அதில்தான்.