மாசாய் மாராவில் கூடார முகாம்: கேளுங்கள், சொல்கிறேன்

கென்யாவில் சஃபாரிக்கு வருகிறவர்களுக்கு ஏற்பாடு செய்து கொடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். மாராவில் கூடாரத்தில் தங்குவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள். குறிப்பிட்ட முகாமின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், அது விளம்பரம் ஆகிவிடும்.

கே: இரண்டு பேர், மூன்று இரவு, நான்கு லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். துணிக் கூடாரத்துக்கு இவ்வளவா?

ப: துணிக்கும் கட்டிலுக்கும் போவது அதில் கொஞ்சம்தான். மாரா தேசியக் காப்பகம் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர், அதற்கு வடக்கிலும் கிழக்கிலும் மாசாய் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலங்களைச் சேர்த்து கன்சர்வன்சி என்று நடத்துகிறார்கள், நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி, மாரா நார்த் எல்லாம் அப்படி வந்தவை. முகாம்கள் அந்தக் குடும்பங்களுக்குக் குத்தகை கட்டுகின்றன, அவர்கள் அங்கே வேலி போடாமல், வீடு கட்டாமல், மாடு மேய்ப்பதையும் ஒரு கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்கிறார்கள். ஒலாரே மோட்டோரோகியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று கணக்கு. ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கவும் கூடாது. ஆகஸ்டில் காப்பகத்துக்குள் ஒரு சிறுத்தையைச் சுற்றி நிற்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதனால் குளியல் தொட்டி படத்தைப் பார்த்து மயங்காதீர்கள், முகாம் எந்த நிலத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பெயரில் மாரா என்று இருந்தாலும் காப்பக வாசலுக்கு வெளியே கடைத்தெருவை ஒட்டி நிற்கும் இடங்கள் உண்டு.

கே: அப்போ காப்பகத்துக்குள் போகவே வேண்டாமா? வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான்) கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கத்தான் வருகிறோம்.

ப: அதற்கு உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாரா ஆற்றில் நடக்கும், ஆனால் நாள் குறித்துச் சொல்ல எவனாலும் முடியாது, கரையில் மணிக்கணக்கில் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போகும் கூட்டமும் உண்டு. வெளிநாட்டவருக்கு உள்ளே நுழைய ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர், அதுவும் காலை 6 முதல் மாலை 6 வரை மட்டும். என் யோசனை: கன்சர்வன்சியில் தங்குங்கள், ஒரு நாள் மட்டும் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய் வாருங்கள். மற்ற நாட்களில் நடை சஃபாரியும் இரவு சஃபாரியும் கிடைக்கும், சாதாரண பார்வையாளருக்குக் காப்பகத்துக்குள் இந்த இரண்டுமே கிடையாது.

கே: வேலியே இல்லையாமே? ராத்திரி ஏதாவது வந்தால்? மனைவி இப்போதே பயப்படுகிறாள்.

ப: வரும் சார். நீர்யானை புல் மேய வரும், யானை மரத்தை முறிக்கும், சிங்கத்தின் சத்தம் பக்கத்தில் கேட்பது போலவே இருக்கும். ஜிப் போட்டு மூடிய கூடாரம் அவற்றுக்கு ஒரு பாறையோ புதரோ மாதிரிதான், உள்ளே ஆள் இருக்கிறார் என்று கிழித்துக்கொண்டு வருவதில்லை. ஆபத்து வெளியே தனியாக நடப்பதில்தான். இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போக அஸ்கரி, அதாவது காவல்காரர், டார்ச்சோடு வந்து கூட்டிப்போவார். விசிலோ வாக்கிடாக்கியோ கொடுத்திருப்பார்கள், கூப்பிடுங்கள், பத்தடிதானே என்று இறங்காதீர்கள். உண்மையான தொல்லை குரங்குதான், முறுக்குப் பொட்டலம் உள்ளே இருந்தால் ஜிப்பைத் திறந்துகொண்டு வந்துவிடும்.

கே: கழிப்பறை வெளியிலா?

ப: இல்லை, கூடாரத்தோடு சேர்ந்தே இருக்கும், ஃப்ளஷ் உண்டு. சில முகாம்களில் வாளி ஷவர்: எப்போது குளிக்கிறீர்கள் என்று சொன்னால் வெந்நீரை மேலே ஏற்றி வைப்பார்கள். தலைக்குக் குளிக்கிறவர்கள் இரண்டாவது வாளியும் சொல்லி வையுங்கள்.

கே: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பட்டினி கிடக்கணுமா அண்ணா?

ப: கவலையே வேண்டாம். இந்தியர்கள் தலைமுறைகளாக வாழும் நாடு, சப்பாத்தி கென்யாக்காரர்களின் சாப்பாடாகவே ஆகிவிட்டது, ந்தெங்கு என்று பச்சைப்பயறு குழம்பும் சுகுமா விக்கி என்ற கீரைப் பொரியலும் எங்கும் கிடைக்கும். ஆனால் காய்கறி நைரோபியிலிருந்து வருகிறது, அதனால் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள், போய் இறங்கி மேஜையில் உட்கார்ந்து சொல்லாதீர்கள். ஊறுகாய் கொண்டுபோனால் சமையல்காரரிடம் கொடுத்து வையுங்கள் (குரங்கு!).

கே: அம்மாவுக்கு 70 வயது, மூட்டு வலி. கூட்டிவரலாமா?

ப: வரலாம், நைரோபியிலிருந்து சாலை வழியாக மட்டும் வேண்டாம். நாரோக் என்ற ஊர் வழியாக மொத்தம் ஐந்தாறு மணி நேரம் ஆகும், கடைசிப் பகுதி உடம்பை உலுக்கி எடுத்துவிடும். வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். சாப்பாட்டுக் கூடாரத்துக்கு அருகில் உள்ள கூடாரமாகக் கேளுங்கள், சஃபாரி வண்டியில் கடைசி வரிசையில் உட்காரவே விடாதீர்கள், தூக்கிப் போடும். இன்னொன்று, கென்யாவிலிருந்து இந்தியா திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். 60 வயதுக்கு மேல் அந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கூடுதல், அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே அம்மாவை டாக்டரிடம் காட்டுங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கே: சின்ன விமானத்தில் 15 கிலோதான் அனுமதி என்கிறார்களே, கைப்பையும் சேர்த்தா?

ப: சேர்த்துத்தான், கேமராவும் அதில் அடக்கம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்த விமானத்தில் ஏறாது, துணிப் பையில் வையுங்கள், பெரிய பெட்டியை நைரோபி ஹோட்டலில் விட்டுவிடலாம். துணி துவைத்துக் கொடுப்பார்கள். ஸ்வெட்டர் கட்டாயம், மாரா 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஜூலை விடியற்காலையில் திறந்த வண்டியில் பல் கிட்டும். ராத்திரி போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைத்திருப்பார்கள், தெரியாமல் காலை நீட்டி அலறியவர்கள் உண்டு. கறுப்பும் கருநீலமும் செட்ஸி என்ற கடிக்கும் ஈயை இழுக்கும், காக்கி போடுங்கள். பிளாஸ்டிக் பைக்கு 2017 முதல் தடை, டியூட்டி ஃப்ரீ கவரையும் சேர்த்து.

கே: வைஃபை, சார்ஜ்?

ப: சோலார். போன், கேமராவுக்குப் போதும், ஹேர் டிரையர் பெரும்பாலும் ஓடாது. வைஃபை சாப்பாட்டுக் கூடாரத்தில் கிடைத்தால் சந்தோஷம்.

கே: டிப்ஸ் எவ்வளவு?

ப: வழிகாட்டிக்கு ஒருவருக்கு நாளுக்கு 10 முதல் 20 டாலர் வழக்கம், கிளம்பும்போது அவர் கையிலேயே கொடுங்கள். மற்ற ஊழியர்களுக்குப் பொதுப் பெட்டி இருக்கும், அஸ்கரிக்கும் அதிலிருந்துதான் போகும். பழைய, கிழிந்த டாலர் நோட்டுகளை அங்கே மாற்றவே முடியாது, புதியதாகப் பார்த்து வாங்கி வாருங்கள்.