சமத் துடிப்பிலும் வெள்ளி மை எலக்ட்ரோடு ஏன் கறுக்கிறது?

தம்பி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருந்தீர்கள்: எலியின் நரம்பைத் தூண்ட, வெள்ளி மையில் (வெள்ளித் துகள் கலந்த மின்கடத்தும் மை) அச்சிட்ட 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட எலக்ட்ரோடு, 1 மில்லிஆம்பியர், 200 மைக்ரோசெகண்ட், நேர், எதிர் மின்துடிப்பு சமம். ஆனாலும் உப்புக் கரைசலில் கறுக்கிறது.

மின்னூட்டம் சமமானால் வேதிவினையும் முழுக்கத் திரும்பிவிடும் என்று அர்த்தமில்லை. நேர்த்துடிப்பில் வெளியேறும் வெள்ளியில் ஒரு பங்கு குளோரைடாகப் படிகிறது. இன்னொரு பங்கு கரைசலோடு போய்விடுகிறது, அதை எதிர்த்துடிப்பு மீட்டுத் தராது. நரம்புக்கு அது நஞ்சு. ஒரு துடிப்பில் உங்கள் மின்னூட்ட அளவு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 25 மைக்ரோகூலும்தான். பிளாட்டினம் இதைத் தாங்கும். உலோகத்தை மாற்றுங்கள்.

மேலே தங்கம் பூசினால் போதும் என்பார்கள். நம்பாதீர்கள்! பூச்சில் நுண்துளை இருந்தால் அடியிலுள்ள வெள்ளி இன்னும் வேகமாக அரிபடும். வெள்ளியை ஈரம் படாத இணைப்புப் பகுதியோடு நிறுத்திவிடுங்கள்.

புதிய எலக்ட்ரோடைச் சோதிக்கும்போது, ஆசிலாஸ்கோப்பில் (மின்னழுத்த அலையைத் திரையில் காட்டும் கருவி) முதலில் தெரியும் திடீர்த் தாவல் கரைசலின் மின்தடையால் வருவது. அதைக் கழித்து மிஞ்சும் மின்னழுத்தம், பிளாட்டினத்துக்கு, வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு எலக்ட்ரோடை வைத்து அளந்தால் −0.6க்கும் +0.8 வோல்ட்டுக்கும் நடுவே இருக்கவேண்டும். துடிப்புகளுக்கு இடையில் இரு முனைகளையும் ஷார்ட் செய்து (நேரடியாக இணைத்து) மிச்ச மின்னூட்டத்தை வடியவிடுங்கள்.

கரைந்த வெள்ளியை அளக்க உங்கள் கல்லூரியில் வசதி இல்லையென்றால், வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்கு மாதிரியைக் கொண்டுவாருங்கள், ஆய்வகம் தேட நான் உதவுகிறேன். அதுவரை எலியில் வைக்கவேண்டாம்.