கிலோ கணக்கில் கூலி கொடுத்தால் முதலாளி இல்லையா?

கேள்வி: மண்டபத்தில் ஒரு சின்ன ஷெட் போட்டு, விசைப்படகுகளில் வரும் கணவாயை வாங்கிச் சுத்தம் செய்து தூத்துக்குடி கம்பெனிகளுக்கு அனுப்புகிறேன். வேலைக்கென்று யாரையும் வைக்கவில்லை. ஒன்பது பெண்கள் வருகிறார்கள், கிலோ கணக்கில் கூலி. ‘சுயதொழில் செய்பவர்’ என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கியிருக்கிறேன். 2025 ஜூலையில் ஐஸ் உடைக்கும் மெஷினில் ஒருவருக்கு இரண்டு விரல் போய்விட்டது. கவனக்குறைவுதான். ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் 80,000 ரூபாய் கொடுத்து, இனி பாக்கி இல்லை என்று கையெழுத்தும் வாங்கினேன். கத்தி, கையுறைகூட நான்தான் வாங்கிக் கொடுப்பேன். மகள் கல்யாணத்துக்கும் உதவினேன். இப்போது யாரோ தூண்டிவிட்டு, வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. இனி மேஸ்திரி மூலம் ஆள் எடுத்தால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: கல்யாண உதவி, தூண்டிவிட்ட ஆள், நன்றி கெட்டதனம் எதுவும் வழக்கில் வராது. கவனக்குறைவும் உங்களைக் காப்பாற்றாது. குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறியது போன்ற சிலவற்றைத்தான் சட்டம் கேட்கும். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வேலை யார் சொல்படி நடந்தது?

அதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஷெட் உங்களுடையது, மெஷின் உங்களுடையது, கத்தியும் கையுறையும் நீங்கள் கொடுத்தவை. நீங்கள் பெருமையாக எழுதியிருப்பதைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சியமாக எடுத்து வைப்பார். கிலோ கூலி, மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் வேலை கிடையாது என்றெல்லாம் வாதாடலாம்தான். 1956 நவம்பரில் சௌராஷ்டிர உப்பளத் தொழிலாளர் வழக்கில் இதையெல்லாம் உச்ச நீதிமன்றம் கேட்டுவிட்டது. அகரியாக்கள் எனப்படும் அந்த உப்பளத் தொழிலாளர்களுக்கும் உப்பின் எடைக்குத்தான் கூலி. அவர்கள் குடும்பத்தோடு வேலை செய்தார்கள், உதவிக்குச் சொந்தமாக ஆள் வைத்துக்கொண்டார்கள், மழைக்காலத்தில் ஊருக்குப் போய் விவசாயம் பார்த்தார்கள். அப்படியும், வேலையைக் கம்பெனி மேற்பார்வை செய்து கட்டுப்படுத்தியதால் அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பு வந்தது. உங்கள் ஸ்டாம்ப் பேப்பரை அங்கே ஒருவரும் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சரி, இனி அந்த 80,000-க்கு வருவோம். நான் பார்த்த சின்ன முதலாளிகளில் பாதிப் பேர் விழுந்த குழி இது. விபத்து, புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்த 2025 நவம்பர் 21-க்கு முன்பு நடந்ததால், உங்களுக்குப் பழைய 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமே பொருந்தும். அதன் 8-ஆம் பிரிவு, பெண்ணுக்கு மொத்தமாகத் தரும் இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும் என்கிறது. நேரில் கொடுத்தால் அது இழப்பீடாகவே கணக்கில் வராது. ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் சாட்சி சொன்னாலும் சரி. ‘பாக்கி இல்லை’ என்ற கையெழுத்தும் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆஸ்பத்திரிச் செலவோ நீங்கள் தனியாகத் தர வேண்டியதுதான். அதை இழப்பீட்டில் கழிக்க முடியாது. ஆக, நீங்கள் இன்னும் ஒரு ரூபாய்கூட இழப்பீடு கொடுக்கவில்லை என்றுதான் கணக்கு.

எவ்வளவு வரும்? அவருக்கு வயது 40, மாதக் கூலி சராசரி 12,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 சதவீதம் 7,200. 40 வயதுக்குச் சட்டம் தரும் காரணி, அதாவது பெருக்க வேண்டிய எண், 184.17. ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்கு அட்டவணை தருவது 20 சதவீதம். பெருக்கினால் சுமார் 2,65,000 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டாததால் 12 சதவீத வட்டி சேரும். தாமதத்துக்குச் சரியான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம். தோற்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அப்பீல் போகலாம் என்று யாராவது சொன்னால், தீர்ப்புத் தொகையைக் கட்டிய சான்றிதழ் இல்லாமல் அப்பீலே எடுக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் சமாதானமாகப் போங்கள். ஆனால் போன தடவை மாதிரி வேண்டாம். தொகையை இரண்டு வக்கீல்களும் பேசி முடிக்கட்டும். ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்து, பணத்தையும் அங்கேயே கட்டுங்கள். 80,000-ஐக் கழிக்கச் சொல்லிப் பேச்சில் கேட்டுப் பார்க்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது.

மேஸ்திரி யோசனைக்கு: உங்கள் தொழிலில் உங்கள் இடத்தில் நடக்கும் வேலைக்குக் காண்ட்ராக்டர் ஆள் கொண்டுவந்தாலும், விபத்து என்றால் சட்டம் முதலில் உங்களைத்தான் பிடிக்கும். கட்டிவிட்டு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளலாம். பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்றைத் தவிர அவரிடம் என்ன இருக்கப் போகிறது?

பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு வரும் என்று பயந்துதான் ஒன்பதோடு நிறுத்தினீர்கள் என்று நினைக்கிறேன். இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் இந்தச் சுமையை அது ஏற்றிருக்கும். உங்கள் மேல் இழப்பீட்டு வழக்கே போட முடியாது. மிச்சம் பிடித்தது சந்தா, இழந்தது கவசம். இனியாவது ஒரு பொதுக் காப்பீட்டுக் கம்பெனியில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுங்கள், மெஷினுக்கு மூடியும் போடுங்கள்.

உண்மையிலேயே ஆள் வைக்காமல் தொழில் செய்யும் வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பாம்பன் பக்கம் கடல்பாசி வளர்க்கும் பெண்கள் தங்கள் மிதவையில், தங்கள் நேரத்தில் வளர்த்து, காய்ந்த பாசியைக் கிலோ விலைக்கு விற்கிறார்கள். வாங்குபவர் பொருளை வாங்குகிறார், வேலையை வாங்கவில்லை. நீங்களும் ஒரு மகளிர் குழுவிடம், அவர்கள் இடத்தில், அவர்கள் கத்தியால் சுத்தம் செய்த கணவாயை விலைக்கு வாங்கலாம். ஆனால் அப்போது காலை ஆறு மணிக்கு வா என்று அதட்ட முடியாது. உங்களைவிட ஐந்து ரூபாய் கூடத் தருபவருக்கு அவர்கள் விற்றாலும் கேட்க முடியாது. அதற்கு மனம் ஒப்பாவிட்டால், ஆள் வைத்திருக்கிறேன் என்று ஒத்துக்கொண்டு முறைப்படி வையுங்கள்.

கடைசியாக, தினமும் கிலோக் கணக்கு எழுதிய நோட்டு இருக்குமே, அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். சராசரிக் கூலி 12,000 என்று காட்ட அது ஒன்றுதான் ஆதாரம். அது இல்லையென்றால் எதிர்த்தரப்பு, கணக்கில் எடுக்கும் மாதக் கூலிக்கு உள்ள 15,000 உச்சவரம்பையே கேட்கும், கணக்கு 3,31,000-க்கு ஏறிவிடும். நோட்டீஸோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.